மூன்று நாள் விருந்தாளி!

நடுப்பாலைவனம். நீங்கள் வழி தப்பிவிட்டீர்கள். நா வறண்டுவிட்டது. தூரத்தில் ஒரு கறுப்புக் கூடாரம் தெரிகிறது. தட்டுத் தடுமாறி அதன் வாசலுக்குப் போய்ச் சேருகிறீர்கள்.

உள்ளே இருப்பவர் உங்களை முன்பின் பார்த்தது கிடையாது. "யார் நீ? எந்த ஊர்? என்ன காரியமாக வந்தாய்?" என்று கேட்பார் என்றுதானே நினைப்பீர்கள்?

கேட்கமாட்டார்! மூன்று நாள் வரையில் விருந்தாளியிடம் அப்படிக் கேட்பது அவர்கள் குல வழக்கத்துக்கு இழுக்கு. முதலில் காப்பிதான் வரும்.

இவர்கள்தாம் பெதூயின்கள். 'பாதியா' என்றால் அரபு மொழியில் வறண்ட வெட்டவெளி. அங்கே வாழ்கிறவன் 'பதவி'. (நம்மூர்ப் 'பதவி'க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!) அந்தச் சொல்தான் ஐரோப்பியர் வாயில் புகுந்து 'பெதூயின்' ஆயிற்று.

காப்பி உபசாரம்

காப்பிக் கொட்டையை விருந்தாளியின் கண்ணெதிரிலேயே வறுப்பார்கள். உரலில் போட்டு இடிப்பார்கள். அந்த இடிக்கு ஒரு தாளம் உண்டு. சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்துக் கூடாரக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பால் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. ஏலக்காய் மட்டும் உண்டு. அது பல காலமாக நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கப்பலேறிப் போன சரக்கு!

சின்னக் கிண்ணத்தில் ஒரு வாய்தான் ஊற்றுவார்கள். போதும் என்று வாயால் சொல்ல வேண்டாம். கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டத் தெரியாத வெளியூர்க்காரர் பாடு திண்டாட்டம்தான். ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இதை வெறும் தாராள மனசு என்று சொல்லிவிட முடியாது. ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் இடையே பல நாள் பிரயாணம். இன்று வந்தவனைத் துரத்திவிட்டால், நாளைக்கு நான் எந்தக் கூடாரத்தில் போய் நிற்பேன்? பகைவனே ஆனாலும், உள்ளே வந்து அடைக்கலம் கேட்டுவிட்டால் அவன் உயிருக்கு வீட்டுக்காரன்தான் பொறுப்பு.

பெண்கள் கட்டும் வீடு

கூடாரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரோம வீடு'. வெள்ளாட்டு ரோமத்தைப் பெண்கள் நூலாக நூற்று, தரையிலேயே தறி போட்டு, நீள நீளப் பட்டைகளாக நெய்து சேர்த்துத் தைப்பார்கள். மழையில் நனைந்தால் நூல் உப்பி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் அவ்வளவாக இறங்காது. நடுவே ஒரு திரை. ஒரு பக்கம் ஆண்களும் விருந்தாளிகளும். மறுபக்கம் பெண்களும் அடுப்பும். கூடாரத்தை அடிப்பதும் பிரிப்பதும் பெண்கள் வேலை.

இவர்கள் கால் போன போக்கில் அலைகிறவர்கள் அல்ல. குளிர்கால மழைக்குப் பின் புல் முளைக்கும் உட்பாலைக்குப் போவார்கள். கோடையில் கிணற்றடிக்குத் திரும்புவார்கள். எந்த மேய்ச்சல் எந்தக் கூட்டத்தாருக்கு என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் ஒட்டகம். உடம்பு எடையில் கால் பங்கு நீர் வற்றினாலும் அது தாங்கும். தண்ணீரைக் கண்டால் பத்தே நிமிஷத்தில் 100 லிட்டர் குடித்துவிடும். திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு. கி.மு. 853-லேயே அசீரிய மன்னனை எதிர்த்து 'ஜிந்திபு' என்ற அரபுத் தலைவன் ஆயிரம் ஒட்டகங்களுடன் போருக்கு வந்தான் என்று அந்த மன்னனின் கல்வெட்டு சொல்கிறது.

நாக்கில் நெருப்பு!

நல்லதை மட்டும் எழுதினால் நியாயம் ஆகாது. அடுத்த கூட்டத்தாரின் ஒட்டகங்களைக் கொள்ளையிடுவது அன்று வீரம். கொலை விழுந்தாலோ, கொன்றவனின் ஐந்து தலைமுறை உறவு வரையில் பழி தொடரும். இல்லாவிட்டால் உயிருக்கு ஈடாகப் பணமோ ஒட்டகமோ கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

சாட்சி இல்லாத வழக்கா? இரும்புக் கரண்டியைப் பழுக்கக் காய்ச்சி, குற்றம் சாட்டப்பட்டவன் நாக்கால் தொட வேண்டும். கொப்புளித்தால் குற்றவாளி! பொய்யனுக்கு வாய் உலர்ந்துவிடும், அதனால்தான் சுடுகிறது என்பது அவர்கள் சமாதானம். பயத்தில் நிரபராதிக்கும்தான் வாய் உலரும்! ஜோர்டான் சர்க்கார் 1976-ல் குலச் சட்டங்களையே ரத்து செய்தது.

கோடு கிழித்தார்கள்

1917-ல் அகபா துறைமுகத்தைத் துருக்கியரிடமிருந்து பிடித்தபோது லாரன்ஸ் துரைக்குத் துணை நின்றவர் ஹுவைதாத் குலத் தலைவர் அவுதா அபு தாயி. பேர் துரைக்கு, ஒட்டகமும் ஆளும் இவர்களுடையது! யுத்தம் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் வரைபடத்தில் கோடு கிழித்தார்கள். கிணறு ஒரு தேசத்தில், மேய்ச்சல் இன்னொரு தேசத்தில் என்று ஆயிற்று. சவூதி அரேபியாவில் 1938-ல் எண்ணெய் பீறிட்டது. லாரி வந்தது. ஒட்டகத்துக்கு மவுசு குறைந்தது.

நெகேவ் பாலைவனத்தில் நடந்ததுதான் கொடுமை. 1948 யுத்தத்துக்குப் பின் அங்கே மிஞ்சியவர்கள் சுமார் 11,000 பேர். அவர்களையும் இஸ்ரேல் ஒரு மூலைக்கு ஒதுக்கி, 1966 வரையில் ராணுவ ஆட்சியின்கீழ் வைத்தது. பிறகு, ராஹத் போன்ற நகரங்களைக் கட்டி அங்கே போகச் சொன்னது. "இது எங்கள் பாட்டன் நிலம்" என்கிறார்கள் இவர்கள். "பத்திரம் எங்கே?" என்கிறது சர்க்கார். அல் அராகிப் என்ற கிராமத்தை 2010-ல் இடித்தார்கள். ஜனங்கள் மறுபடி தகரக் கொட்டகை போட்டார்கள். மறுபடி இடித்தார்கள். இப்படி 200 தடவைக்கு மேல் ஆகிவிட்டது!

வளைகுடா நாடுகளிலோ கதை வேறு. ஒட்டகச் சொந்தக்காரர் நகரத்து மாளிகையில் இருக்கிறார். மந்தையை மேய்ப்பது சூடானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சம்பளத்துக்குப் போன ஆட்கள். நம் தமிழ்நாட்டிலிருந்து போய் அந்த வெயிலில் தனியே நிற்பவர்களும் உண்டு.

ஆனாலும் காப்பி போகவில்லை. நெகேவ் நகரங்களில் சிமெண்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே விருந்தாளிகளுக்கென்று 'ஷிக்' என்ற தனி இடம் வைத்திருக்கிறார்கள். தரையில் பாய், நடுவில் கணப்பு, அதன்மேல் காப்பிக் கூஜா. போனால், கிண்ணத்தை ஆட்ட மறந்துவிடாதீர்கள்!