ஒரே ஓடாக இருப்பதன் சங்கடம்

1972 டிசம்பரில் நிலவின் டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கில் ரோவர் ஓட்டிப்போன அப்பல்லோ 17 வீரர்கள் யூஜின் செர்னான், ஹாரிசன் ஷ்மிட் இருவருக்கும் குறுக்கே ஒரு மேடு வந்தது. பெயர் லீ-லிங்கன். உயரம் சுமார் 80 மீட்டர். வண்டியை வளைத்து வளைத்துத்தான் ஏற்ற முடிந்தது. நிலவின் தரை உடைந்து, ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் ஏறியதால் உண்டான மேடு அது.

பூமியிலும் தரை தரைமேல் ஏறுகிறது. ஆனால் இங்கே அளவே வேறு. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. சுமார் 5 கோடி ஆண்டுகளாக நடக்கும் இந்த மோதலில் எழுந்ததுதான் 8,849 மீட்டர் எவரெஸ்ட். அதே தட்டு சுமத்ரா பக்கம் இன்னொரு தட்டுக்கு அடியில் நுழைகிறது. 2004 டிசம்பர் 26 அன்று அந்த விளிம்பு 1,000 கிலோமீட்டருக்கும் மேல் கிழிந்து நழுவி எழுப்பிய சுனாமியின் விலையை நாகப்பட்டினம் அறியும்.

பூமியின் மேலோடு பல துண்டுகளாக உடைந்து கிடப்பதால் ஓரிடத்தில் புதுத் தரை பிறக்க, வேறிடத்தில் பழையது உள்ளே போய்விடுகிறது. நிலவுக்கு அந்த வழி இல்லை. அதன் மேலோடு ஒரே துண்டு. உள்ளே சூடு ஆற ஆற உருண்டை சுருங்குகிறது. இறுகிய ஓடு மடங்க முடியாமல் உடைந்து மேலேறுகிறது. 2009இல் ஏவப்பட்ட நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் எடுத்த படங்களில் லீ-லிங்கன் போன்ற மேட்டுச் சரிவுகள் ஆயிரக்கணக்கில் தென்பட்டன. கடந்த சில பத்துக் கோடி ஆண்டுகளில் நிலவு சுருங்கியது வெறும் 50 மீட்டர் அளவுதான். அதற்கே இத்தனை விரிசல்!

செத்த உலகம் என்று நிலவை ஒதுக்கிவிட முடியாது. அப்பல்லோ வீரர்கள் வைத்துவந்த கருவிகள் 1977 வரை, ஆழம் குறைந்த நடுக்கங்கள் 28ஐப் பதிவுசெய்தன. சில, ரிக்டர் அளவில் 5ஐத் தொட்டவை. பூமியில் பெரும்பாலும் நொடிக்கணக்கில் அடங்கிவிடும் அதிர்வு, ஈரமில்லாத நிலவுப் பாறையில் பத்து நிமிடத்துக்கு மேலும் நீடிக்கும்.

2019இல் அறிவியலாளர் தாமஸ் வாட்டர்ஸின் குழு அந்தப் பழைய பதிவுகளைத் திரும்பக் கணக்கிட்டது. எட்டு நடுக்கங்கள் இந்தச் சரிவுகளிலிருந்து 30 கி.மீ.க்குள் நடந்தவை. அவற்றில் ஆறு, நிலவு பூமியை விட்டு மிகத் தள்ளியிருந்த நாட்களையொட்டி வந்தவை. பூமியின் ஈர்ப்பால் நிலவின் ஓட்டில் கூடுதல் அழுத்தம் சேரும் நேரம் அது. மனிதர்களை மீண்டும் இறக்க நாசா குறிவைத்திருக்கும் தென்துருவப் பகுதியிலும் இத்தகைய சரிவுகள் இருக்கின்றன.