குழந்தையின் நீரச்சம்: விரட்ட வேண்டாம், விலக்குவோம்

விடுமுறைக்குச் சென்ற இடத்தில் மற்றப் பிள்ளைகள் நீச்சல் குளத்தில் கும்மாளமிட, நம் நான்கு வயதுக் குழந்தை மட்டும் நம் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறது. "தூக்கிப் போடுங்கள், தானாகப் பழகிவிடும்" என்கிறார் அருகிலிருப்பவர். நாமும் அவ்வாறே செய்கிறோம். அன்று எழுந்த அலறலைப் பல வாரங்களுக்கு வீட்டுக் குளியலறையிலும் கேட்க நேர்கிறது. குழந்தை அன்று நீரை மட்டும் நம்பாமற் போகவில்லை. தன்னைப் பிடித்திருந்த கைகளையும் நம்பாமற் போயிற்று.

அச்சத்தின் வேர்

மூக்கில் ஏறிய நீர், கண்ணில் பட்ட சோப்பு நுரை, எதிர்பாராமல் தலையில் விழுந்த குளிர்நீர் ஆகிய இவற்றில் ஒன்றே போதும். பெரியவர்களுக்கு மறந்துபோகும் சிறு நிகழ்வு குழந்தையின் மனத்தில் ஆழப் பதிந்துவிடுகிறது. கிணற்றருகே செல்லாதிருக்க நாம் சொல்லும் பூதக் கதைகளும், நீரைக் கண்டதும் நம் முகத்தில் படரும் பதற்றமும் அதற்கு உரமிடுகின்றன. சில வேளைகளில் காது வலியே காரணமாக இருக்கலாம். ஆகவே, திடீரெனக் குளிக்க மறுக்கும் குழந்தையை முதலில் மருத்துவரிடம் காட்டுவது நலம்.

பீட்டர் கற்பித்த பாடம்

அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி 1924ஆம் ஆண்டில் எழுதினார். சிறுவன் தனக்குப் பிடித்த உணவை உண்ணும்போது முயலைக் கூண்டோடு தொலைவில் வைத்து, நாளடைவில் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார்கள். இடையில் பெரிய நாயொன்று அவனை மிரட்டவே, பழைய அச்சம் திரும்பியது. மீண்டும் பொறுமையாகத் தொடங்கினார்கள். இறுதியில் அவன் முயலைத் தானே வருடினான். நீரச்சத்துக்கும் இதே வழி பொருந்தும்: இனிய சூழல், சிறு படிகள், பின்னடைவில் தளராமை.

படிப்படியாக

முதற்படி குளியலறையில்தான். வெதுவெதுப்பான நீரைப் பாதத்தில் ஊற்றுவோம். சில நாள்கள் கழித்து முழங்காலில், பிறகு தோளில். குவளையைக் குழந்தையிடமே கொடுத்து, பொம்மையைக் குளிப்பாட்டச் சொல்வோம். தலையில் ஊற்றும் முன் "ஒன்று, இரண்டு, மூன்று" என எண்ணி அறிவிப்போம்; கண்களை மூடிக்கொள்ள ஒரு சிறு துண்டைக் கையில் தருவோம். எப்போது நீர் விழும் என்று தெரிந்தாலே பாதி நடுக்கம் நீங்கிவிடும்.

அடுத்து, அகன்ற பாத்திரத்து நீரில் வாயால் ஊதிக் குமிழி எழுப்பும் விளையாட்டு. முகத்தில் நீர் படுவதையும், நீருக்குள் மூச்சை வெளியே விடுவதையும் அது இயல்பாகப் பழக்கும். அதன் பின்னரே நீச்சல் குளம். கூட்டமற்ற வேளையில் முதல் நாள் கரையில் அமர்ந்து பார்ப்பது, மறுமுறை கால்களை நனைப்பது, பிறகு நம் கைகளில் இருந்தபடி இறங்குவது என்று செல்லலாம். "போதும்" என்று குழந்தை சொன்னால் அப்போதே வெளியே வருவோம். சொன்ன சொல்லைக் காக்கும்போது நம்பிக்கை, சிறுசேமிப்பைப் போல, நாளுக்கு நாள் பெருகும். உறவினர் முன் கேலி செய்வதும் பிற குழந்தைகளோடு ஒப்பிடுவதும் சேர்த்ததையெல்லாம் கரைத்துவிடும்.

அச்சம் போகட்டும், எச்சரிக்கை இருக்கட்டும்

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி உயிரிழந்தனர். அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். வாளியில் உள்ள சிறிதளவு நீரும் தவழும் குழந்தைக்கு ஆபத்தே. பயன்படுத்திய வாளிகளைக் கவிழ்த்து வைப்போம். தொட்டிகளை மூடி வைப்போம். நீரருகே குழந்தை இருக்கையில் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருப்போம். அந்நேரத்தில் கைப்பேசி வேண்டாம். காற்றடைத்த கைப்பட்டைகள் விளையாட்டுப் பொருள்களே. அவை உயிர்காக்கும் கருவிகள் அல்ல. பெரும்பாலான குழந்தைகள் நான்கு வயதளவில் முறையான நீச்சற் பயிற்சிக்கு ஆயத்தமாகிவிடுகிறார்கள். தொடக்கத்தில் பெற்றோர் உடனிருக்க இசையும் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்போம்.

நீரை மதிக்கத் தெரிந்த, ஆனால் அதைக் கண்டு நடுங்காத குழந்தையே நம் இலக்கு. அதற்குச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகலாம். ஒருநாள் நம் கழுத்தைக் கட்டியிருந்த கைகள் தாமாகவே தளர்ந்து நீரைத் துழாவும். அதுவரை அந்தக் கைகளை நாம் விடாதிருப்போம்.