மெல்லிய மட்டையில் ஓர் இலக்கப் பூட்டு

இரகசியச் சங்கேத நூல்களைக் கப்பலின் இரும்புப் பெட்டகத்தில் வைத்துக் காப்பது கடற்படைகளின் பொது வழக்கம். அத்தகைய பெட்டகங்கள் பலவற்றின் கதவில் திறப்பு நுழையும் துவாரம் இல்லை. இலக்கங்கள் பொறித்த வட்டமுகம் ஒன்றே இருக்கும். கதவின் வலிமை இரும்பினாலானது. பூட்டின் இரகசியமோ அளவினாலானது. ஆகையால், அதன் தத்துவத்தை மெல்லிய மட்டையிலேயே பூரணமாகச் செய்து அறிந்துகொள்ளலாம்.

இவ்வித்தை புதியதன்று. இஸ்பஹான் நகரத்து முஹம்மத் பின் ஹாமித் என்னும் கம்மியர் 1200-1201இல் செய்த இலக்கப்பூட்டுப் பேழை, கோபன்ஹேகன் நகரின் டேவிட் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. அவர் அஸ்டிரோலாப் என்னும் வானியற் கருவி செய்பவர். மெல்லிய பித்தளைத் தகட்டில் வட்டம் வரைந்து நுட்பமாகப் பாகை பிரித்துப் பழகிய கையே இப்பூட்டையும் ஆக்கிற்று. 1206இல் அல் ஜஸாரி எழுதிய யந்திர நூலிலும் நான்கு வட்டமுகங்கள் கொண்ட பூட்டொன்று விவரிக்கப்பட்டுள்ளது.

நாம் செய்யும் பூட்டுக்கு 4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மூன்று மட்டை வட்டுகள் போதும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெட்டு இடுக. பெட்டியின் முகப்பில் ஒட்டிய காகிதக் குழலின்மேல் முதலிரு வட்டுகளும் தடையின்றிச் சுழலவேண்டும். குழலினூடே செல்லும் மூங்கிற் குச்சியின் உள்நுனியில் மூன்றாம் வட்டையும், வெளிநுனியில் 20 பிரிவுள்ள இலக்க முகத்தையும் இறுக்குக. அடுத்தடுத்த வட்டுகள் எதிர்கொள்ளும் பக்கங்களில் சிறு முளைகள் உண்டு. இலக்க முகத்தைச் சுழற்றினால், மூன்றாம் வட்டின் முளை இரண்டாவதைத் தள்ளும். இரண்டாவது முதலாவதைத் தள்ளும்.

வலமாக மூன்று சுற்றுக்கு மேல் திருப்பி முதல் இலக்கத்தில் நிறுத்தினால், முதல் வட்டு தன் நிலையை அடையும். இடமாகத் திருப்பி, இரண்டாம் இலக்கத்தை ஒருமுறை கடந்து மறுமுறை வருகையில் நிறுத்தினால் நடுவட்டு நிலைபெறும். மீண்டும் வலமாக மூன்றாம் இலக்கத்துக்கு நேரே வந்தால், துறைமுகத்துள் நுழையும் மாலுமிக்குக் கரையடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் தோன்றுவதுபோல, மூன்று வெட்டுகளும் ஒன்றாகும். அப்பொழுது, வட்டுகளுக்கு மேலே தாழோடு இணைத்த மட்டைத் துண்டு அவற்றுள் இறங்க, தாழ் விலகும்.

மெல்லிய பொருளில் உராய்வே பெரும் பகை. வட்டுகளுக்கிடையே குழலோடு ஒட்டிய சிறு வளையங்களை இட்டால்தான், ஒன்று திரும்புகையில் மற்றொன்று தானாக இழுபடாது. மட்டைத் துண்டும் வட்டுகளின்மேல் எப்பொழுதும் அழுந்தியிருக்கலாகாது. அழுந்தினால், உராயும் வட்டு எதுவென்பதை விரல் உணர, இரகசியம் வெளிப்பட்டுவிடும். முளைக்கும் அகலமுண்டாதலால், இலக்கங்களை முன்கூட்டி எழுதாமல், பூட்டைப் பொருத்திய பின் திருப்பிப் பார்த்தே குறித்துக்கொள்ளுக.

20 பிரிவுகளால் 8,000 சேர்க்கைகள் உண்டாம்; ஆயினும் வெட்டின் அகலம் இரு பிரிவுகளுக்கு இடங்கொடுத்தால் அவை 1,000 ஆகச் சுருங்கும். இவ்வட்டின் விளிம்பில் ஒரு பிரிவு 6 மில்லிமீற்றருக்குச் சற்றே அதிகம். பிஸ்கட் பெட்டித் தகரத்தில் 40 பிரிவுகளோடு செய்தால் சேர்க்கைகள் 64,000 ஆகும். ஆனால் வெட்டு 3 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. பூட்டின் பலத்தைப் பெருக்க விரும்பும் மாணவன் தடித்த தகட்டைத் தேடவேண்டியதில்லை. தன் கையின் நுட்பத்தைப் பெருக்குவானாக.