வெளியே தொங்கும் வேர்களை வெட்டலாமா?

சாடிக்கு வெளியே தொங்கிய வேர்கள் அழகைக் கெடுக்கின்றன என்றெண்ணி, நாமும் ஒருமுறை அவற்றை வெட்டிவிட்டோம். சில கிழமைகளில் இலைகள் சுருங்கின. அந்த ஓர்க்கிட் பிறகு பூக்கவேயில்லை.

வீடுகளில் நாம் வளர்க்கும் டென்ட்ரோபியம், வண்டா போன்றவை இயற்கையில் மரக்கிளைகளைப் பற்றி வாழ்பவை. நமது நாட்டுக்கே உரிய வெசாக் ஓர்க்கிட்டும் அவ்வாறானதே. இவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. வேரைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற உறையே மழைநீரைப் பிடித்துக் கொடுக்கிறது. உலர்ந்த வேளையில் வெள்ளி நிறமாகவும், நனைந்ததும் பச்சையாகவும் தோன்றுவது இதனாலேயே, இது நோயன்று. வேரை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். உறுதியாக இருந்தால் உயிருள்ளது. கபில நிறமாகிக் குழைந்ததை மட்டும் வெட்டுங்கள்.

வேர் வெளியே வந்துவிட்டது என்பதற்காகச் சாடியை மாற்ற வேண்டியதில்லை. உள்ளே இட்ட பொச்சுத் துண்டுகள் உக்கி, ஈரம் தேங்கும்போதே மாற்ற வேண்டும். பெரும்பாலும் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நேரும். பூக்கள் உதிர்ந்து, புதிய வேர் முளைக்கும் தருணமே ஏற்றது.

செய்முறை:

1. செடியைச் சற்று நேரம் நீரில் ஊறவிடுங்கள். வேர்கள் முறியாமல் வளையும்.

2. கத்தியை நெருப்பில் காட்டி ஆறவிட்டு, அழுகிய வேர்களை நீக்குங்கள்.

3. துளையுள்ள சாடியில் கரித்துண்டு, ஓட்டுத்துண்டு, பல நாட்கள் ஊறவைத்துக் கழுவிய பொச்சு ஆகியவற்றை இடுங்கள். மண் வேண்டாம்.

4. வெளிவேர்களை உள்ளே திணிக்காதீர்கள்.

5. சில நாட்கள் நிழலில் வைத்து, நீரைக் குறைத்து ஊற்றுங்கள்.

பூ விற்றுச் சிறு வருமானம் தேடும் குடும்பத்துக்கு ஒரு செடியும் பெறுமதியானது. கத்தரிக்கோலை எடுக்குமுன் வேரை ஒருதரம் தொட்டுப் பார்ப்போம்.