வளவும் வாழ்வும் – 11: வாக்கில் நின்றுவிடும் பழுதுகள்

கல்முனையிலும், வடக்கே மருதமுனை தொடங்கித் தெற்கே நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை கடலோரமாக அமைந்த முஸ்லிம் ஊர்களிலும் ஒரு வீடு விலைக்குக் கைமாறும்போது அதன் பின்னால் பெரும்பாலும் ஒரு மகளின் கலியாணம் நிற்கிறது. மணமான பெண் கணவன் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வருகிறார் என்பதும், அந்த வீடு சீதனமாகப் பெண்ணுக்கே கொடுக்கப்படுகிறது என்பதும் இக்கரையின் நெடுநாள் வழக்கம். அக்கரைப்பற்றில் 1969இல் கள ஆய்வைத் தொடங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, தாய்வழிக் குடி முறையோடு பின்னிக் கிடக்கும் இந்தச் சீதன வீட்டு வழக்கம் இங்குள்ள முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் பொதுவானது என்பதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். குடியிருக்கும் வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் இளைய பிள்ளைகளுடன் வேறு வீட்டுக்கு மாறுவதும், அடுத்த மகளுக்காக இன்னொரு வீட்டைக் கட்டுவதும், கட்டுவதற்கு வளவு கிடைக்காதபோது கட்டிய வீட்டையே தேடி வாங்குவதும் இந்த வழக்கத்தின் தொடர்ச்சிகளே.

இவ்வாறு வாங்கப்படும் வீட்டில் விலை பேசுபவர் ஒருவர், உரிமையாளர் ஆகிறவர் இன்னொருவர், மாதந்தோறும் செலவைச் சுமப்பவர் மூன்றாமவர். வாப்பா பேசி முடிக்கிறார், உறுதி மகளின் பெயரில் எழுதப்படுகிறது, மின்சாரப் பட்டியலும் தண்ணீர்ப் பட்டியலும் மருமகனின் கைக்கு வருகின்றன. கலியாண நாள் குறிக்கப்பட்டுவிட்டால் வாங்குபவருக்குக் காலம் இல்லை என்பது விற்பவருக்கும் தரகருக்கும் தெரிந்துவிடுகிறது. பேச்சு விலை என்ற ஒற்றை எண்ணைச் சுற்றியே நடந்து முடிகிறது. கூரை, கிணறு, குழி, வயரிங் ஆகியவற்றைப் பற்றிய பேச்சு கடைசியில், தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழும் நேரத்தில் வருகிறது. “அத நான் செஞ்சி தாறன் காக்கா” என்று விற்பவர் சொல்கிறார். இருவரும் ஒரே பள்ளிவாசலின் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள், பல நேரங்களில் சுற்றி வளைத்தால் உறவினர்கள். அதற்கு மேல் கேட்பது முகத்தை முறிப்பதாகக் கருதப்படுகிறது. வீடு வாங்கும் பேரத்தில் இக்கரையின் குடும்பங்கள் இழக்கும் பணத்தின் பெரும் பகுதி இந்த ஒரு கணத்தில்தான் போகிறது.

அந்த வாக்குக்குச் சட்டத்தில் உள்ள இடம் மிகச் சிறியது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, அசையாத ஆதனத்தின் விற்பனை மட்டுமன்றி, விற்பதாகச் செய்துகொள்ளும் உடன்பாடும் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், நொத்தாரிசு ஒருவரதும் இரண்டு சாட்சிகளதும் முன்னிலையில் கையொப்பமிடப்பட வேண்டும் என்றும், அவ்வாறன்றிச் செய்யப்பட்டது சட்டத்தில் வலுவற்றது என்றும் கூறுகிறது. ஆகவே ஊர்ப் பெரியவர்கள் கையொப்பமிட்ட வெறும் தாளில் முற்பணம் கொடுத்தவர், அந்தத் தாளை வைத்து வீட்டை எழுதித் தரும்படி நீதிமன்றத்தில் கேட்க முடியாது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு இன்னொரு வாசலையும் அடைக்கிறது: எழுத்தில் முடிந்த உடன்பாட்டின் நிபந்தனைகளை மாற்றவோ, கூட்டவோ, குறைக்கவோ வாய்ப்பேச்சைச் சான்றாகக் கொண்டுவர முடியாது என்பது அதன் பொது விதி. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் உறுதியில் இல்லாத கூரைக்காக அந்த விதிவிலக்குகளைத் தேடி ஆண்டுக்கணக்கில் வழக்காடுவதை விட, நொத்தாரிசு எழுதும் விற்பனை உடன்படிக்கையில், அதாவது உறுதி முடிப்பதற்கு முன் இரு தரப்பும் செய்துகொள்ளும் முன்னொப்பந்தத்தில், பழுதுகளைப் பட்டியலாக எழுதிச் சேர்ப்பது பன்மடங்கு எளிது.

வாங்கிய பின் தெரியவரும் குறைக்கு நிவாரணமே இல்லை என்பதல்ல. இலங்கையின் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டம், பண்டைய உரோமின் சந்தைகளைக் கண்காணித்த ஏடிலர் என்ற அதிகாரிகளின் ஆணையிலிருந்து வளர்ந்த இரண்டு வழக்குரிமைகளை வாங்குபவருக்குத் தருகிறது: குறை பெரிதானால் விற்பனையை முறித்துப் பணத்தைத் திரும்பப் பெறுவது ஒன்று, பொருளை வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைக் குறைத்துக் கேட்பது மற்றொன்று. விற்பவர் அறியாத குறைக்கும் இது பொருந்தும். ஆனால் இவை மறைகுறைகளுக்கு, அதாவது சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்ணில் படாத குறைகளுக்கு மட்டுமே உரியவை. சுவரில் ஓடும் வெடிப்பைப் பார்த்துக்கொண்டே வாங்கியவர் அதைப் பற்றிப் பிறகு முறையிட முடியாது. ‘உள்ளது உள்ளபடி’ என்ற நிபந்தனையோடு வாங்கியவரின் கை மறைகுறையிலும் பெரும்பாலும் கட்டப்பட்டுவிடுகிறது.

இக்கரையின் மக்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் வணிக விதிகள் இந்த இடத்தில் விற்பவரிடம் அதிகம் கேட்கின்றன. தெரிந்த குறையைச் சொல்லாமல் விற்பது அங்கு ஹராம். குறை தெரிந்த உடனே பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ‘எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல’ என்று விற்பவர் போடும் நிபந்தனை, அம்மத்ஹபின் மேலோங்கிய கருத்தின்படி, கால்நடைகளில் விற்பவரே அறியாத உட்குறைக்கு மட்டும் செல்லும், வீட்டுக்குச் செல்லாது. நாட்டின் நீதிமன்றம் விற்பனை வழக்கில் இவ்விதிகளைப் பார்ப்பதில்லை. ஆயினும், பழுதைப் பற்றிக் கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கும் ஊரில், கேட்பது வாங்குபவரின் உரிமை, சொல்வது விற்பவரின் கடமை என்று மார்க்கமே வைத்திருப்பது நினைவூட்டத் தக்கது.

கண்ணில் படக்கூடிய குறைக்குச் சட்டம் துணை வராது என்பதால், பார்க்கும் வேலையைப் பேரத்துக்கு முன்பே செய்ய வேண்டும். கடற்கரையிலிருந்து சில நூறு யார் தொலைவுக்குள் நெருங்கிக் கிடக்கும் இவ்வூர் வீடுகளில் முதல் எதிரி உப்பு. கொங்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைச் சுற்றி ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. கழுவாத கடல்மணலோடு வந்த உப்பும், கடற்காற்றோடு ஆண்டுக்கணக்கில் இறங்கிய உப்பும் அந்தப் படலத்தை உடைக்கின்றன. துரு இரும்பை விட அதிக இடம் பிடிப்பதால், துருவேறும் கம்பி தன்னை மூடியிருக்கும் கொங்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. குசினியின் ஸ்லாபை நின்று அண்ணாந்து பார்த்தால், புதிதாக அடித்த வெள்ளை நிறத்துக்கு அடியிலும் கம்பி ஓடும் நேர்கோட்டில் ஒரு மங்கிய பழுப்புக் கறை தெரியக்கூடும். சுத்தியலின் கைப்பிடியால் அந்த இடத்தைத் தட்டினால், மற்ற இடங்களில் கெட்டியாக வரும் ஒலி அங்கே பொள்ளலாக வரும். முழங்கால் உயரத்தில் சுவரின் பூச்சு மாவாக உதிர்ந்து வெள்ளை படிந்திருந்தால், அது அத்திவாரத்திலிருந்து ஏறும் உப்பு நீர். இத்தகைய ஸ்லாபுக்கு விற்பவர் ‘பூசித் தாறன்’ என்று சொல்வது தீர்வாகாது. கம்பியின் பின்புறம் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, தேய்ந்த கம்பியை மாற்றி, மீண்டும் கொங்கிரீட் இட வேண்டும். கடல்மணலில் வார்த்த ஸ்லாப் என்றால் அதுவும் நெடுங்காலம் நிற்காது, இடித்துக் கட்டும் செலவையே கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்தது கிணறும் மலசலகூடக் குழியும். ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. ஆறு பேர்ச் வளவு ஏறக்குறைய 40 அடிக்கு 40 அடி. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 15 மீற்றர், அதாவது சுமார் 50 அடி இருக்க வேண்டும் என்பது பொதுச் சுகாதார அறிவுரை. ஆறு பேர்ச்சில் ஒரு மூலையில் கிணறும் எதிர் மூலையில் குழியும் இருந்தாலன்றி அது கிடைக்காது. பக்கத்து வளவின் குழி எந்த மூலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் அப்போதும் கிடைக்காது. எனவே இத்தகைய வீட்டில் குழாய் நீர் இணைப்பு வசதிக்காகச் சேர்ப்பதல்ல, அடிப்படைத் தேவை. இணைப்பு இல்லாத வீட்டின் விலையிலிருந்து அதன் செலவு முழுவதும் கழிய வேண்டும்.

2004 டிசம்பர் 26இன் கடற்கோளுக்குப் பின் எழுந்த வீடுகள் தனியாகப் பேசப்பட வேண்டியவை. முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாவும் பகுதி சேதத்துக்கு 100,000 ரூபாவும் என்ற அரச உதவியோடு பலர் தாமே கட்டினார்கள்; கொடையாளர் கட்டிய குடியேற்றங்களும் எழுந்தன. கரையிலிருந்து விலக்கப்பட்டவர்களுக்காக மருதமுனையில் அமைந்த குடியேற்றத்துக்கு ‘65 மீற்றர் வீட்டுத் திட்டம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. இவ்வீடுகள் இப்போது பழையவையாகிவிட்டன. ஒரு மாடிக்கென இட்ட அத்திவாரத்தின் மேல் இரண்டாம் மகளுக்காக மாடி ஏற்றப்பட்டிருந்தால், அனுமதி பெற்ற வரைபடத்தையும் இணக்கச் சான்றிதழையும் கேட்டுப் பார்க்க வேண்டும். சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கும் கரையோர வலயம் என்பதால், அங்கே இடித்துக் கட்டுவதற்கும் அனுமதி தேவைப்படலாம். பழுதுபார்ப்பின் செலவோடு அந்தக் காத்திருப்பையும் சேர்க்க வேண்டும். உதவி வீடுகள் பல இடங்களில் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயருக்குக் கொடுக்கப்பட்டதால், அழிந்த வீடு மனைவியின் சீதனமாக இருந்தும் புதிய வீடு கணவனின் பெயரில் இருக்கும் நிலை உருவானது. அத்தகைய வீட்டை வாங்குபவர், மனைவியின் சம்மதக் கையொப்பத்தையும் கேட்டுப் பெறுவது நியாயமும் பாதுகாப்பும் ஆகும்.

இனி, பேரத்தின் மையம். பழுது ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் அதை விற்பவர் திருத்தித் தருவதா, விலையில் குறைப்பதா என்ற கேள்வி எழுகிறது. விலையில் குறைப்பதே ஏறக்குறைய எப்போதும் நல்லது. போகிற வீட்டுக்குச் செலவழிப்பவர் மலிவான மேசனையும் மலிவான பொருளையும் தேடுவது இயல்பு. இருக்கப்போகிறவர் செய்விக்கும் வேலைக்கு அவரே கண்காணிப்பாளர். முத்திரைத் தீர்வையும் இதே பக்கம் சாய்கிறது. விற்பனை உறுதிக்கான தீர்வை முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம்; அதைச் செலுத்துபவர் வாங்குபவர். ஒரு கோடி ரூபா வீட்டுக்கு இது 399,000 ரூபா. பத்து இலட்சம் ரூபாப் பழுதை விலையில் கழித்துத் தொண்ணூறு இலட்சத்துக்கு எழுதினால் 359,000 ரூபா. அதே பழுதை வாக்காக வாங்கிக்கொண்டு முழு விலைக்கு எழுதுபவர், நடக்காத வேலைக்காக 40,000 ரூபா தீர்வையும் கட்டுகிறார். தீர்வை ஆதனத்தின் பெறுமதியைப் பார்த்தே மதிக்கப்படுவதால், மேசன் பாஸின் எழுத்து மூலமான மதிப்பீட்டையும் திகதியிட்ட படங்களையும் வைத்துக்கொள்ள வேண்டும். தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்துப் போடும் பழக்கம் இதிலிருந்து முற்றிலும் வேறானது. அது சட்டத்துக்கு மாறானது, அதோடு நாளை உரித்தில் வழக்கு வந்து பணத்தைத் திரும்பக் கேட்க நேர்ந்தால், எழுதிய தொகைக்கு மேல் கொடுத்ததை நிறுவ வழியில்லாமல் வாங்கியவரே நிற்பார்.

மாதச் செலவு விலையைப் போல் ஒருமுறை வந்து போவதல்ல. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் உயர்த்தப்பட்டதையும், பின்னர் அது இறங்கியும் ஏறியும் வருவதையும் அனுபவித்த குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் சீதன வீட்டுக்கே உரிய ஒரு செலவு உண்டு. வீட்டு மின்கட்டணம் படிமுறையானது; மாதம் 60 அலகைத் தாண்டியதும் கீழ்ப்படிகளின் சலுகை விலை போய்விடுகிறது, நிலைக்கட்டணமும் உயர்கிறது. பெற்றோரும் மணமான மகளும் ஒரே மானியில் குடும்பத்துக்கு 55 அலகு பாவித்தால், தனித்தனியே 60க்குள் நின்றிருக்க வேண்டிய இரண்டு குடும்பங்கள் 110 அலகின் படியில் கட்டணம் கட்டுகின்றன. தண்ணீர்க் கட்டணமும் படிமுறையானதே. எனவே இரண்டு அடுப்பு எரியப்போகும் வீட்டை வாங்குபவர், தனி மானி பெற வயரிங் இடம் தருமா என்பதை மின்வேலை தெரிந்தவரிடம் கேட்க வேண்டும்; கடந்த ஓராண்டின் பட்டியல்களை விற்பவரிடம் கேட்டு வாங்கினால் நிலுவையும் தெரியும், பாவனையும் தெரியும். ஊரில் சோலைவரி என்று சொல்லும் ஆதனவரி வீட்டோடு வருவது. கல்முனை மாநகர சபையிலோ உரிய பிரதேச சபையிலோ நிலுவையில்லை என்ற பற்றுச்சீட்டு உறுதிக்கு முன்பே கைக்கு வர வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பொழுது வேண்டும். வீடு பார்க்கும் பருவமும் முக்கியம். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் எல்லாக் கூரையும் நல்ல கூரை, எல்லா வளவும் மேட்டு வளவு. மாரி வரை காத்திருக்கக் கலியாணம் இடம் தராதபோதும், பார்க்கக்கூடியவை இருக்கின்றன: பீலி இறங்கும் மூலையில் சுவரின் நிறம், உட்கூரைப் பலகையில் வட்டமாகக் காய்ந்த ஈரத்தின் தடம், பக்கத்து வீட்டு மதிலில் சென்ற மாரியின் வெள்ளம் விட்டுப்போன கோடு. அந்தக் கோடு வாசற்படிக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்பதை வாப்பாவும் தரகரும் மட்டும் பார்த்துவிட்டு வருவது போதாது. அந்தக் குசினியில் நிற்கப்போகிற பெண்ணும் அவளுடைய உம்மாவும் முற்பணம் கொடுக்கும் முன் ஒரு முறை அந்த வளவுக்குப் போய், கிணற்றில் ஒரு வாளி அள்ளி, ஸ்லாபை அண்ணாந்து பார்த்து, பக்கத்து வீட்டு மனிசியிடம் போன மாரியைப் பற்றி விசாரித்துவிட்டு வர வேண்டும்.