‘பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு?’

கர்ப்பப்பையை எடுத்துவிட்டீர்களா என்று 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு கேட்கிறது. 2019–21 கணக்கெடுப்பில் இந்திய அளவில் நூற்றுக்கு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அது எட்டைத் தாண்டியது. எடுத்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்போது 35 வயதுகூட ஆகியிருக்கவில்லை. கணக்கெடுப்பு 49 வயதோடு நின்றுவிடுவதால் இந்த வயதுக் கணக்கு உள்ளதைவிடக் கொஞ்சம் இளமையாகவே தெரியும். அதைக் கழித்துப் பார்த்தாலும் முப்பதுகளில் இத்தனை பேருக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய நோய் என்ன வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மூன்றில் இரண்டு பங்கு ஆபரேஷன்கள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை.

இந்த அறுவை சிகிச்சையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போகும்போதும், கர்ப்பப்பையிலோ அதன் வாயிலோ புற்றுநோய் வரும்போதும் உயிரைக் காப்பது இதுதான். உட்சவ்வில் புற்றுநோயாக மாறக்கூடிய செல் மாற்றம் தெரிந்தாலும், மருந்துக்கும் மாத்திரைக்கும் அடங்காமல் மாதாமாதம் ரத்தம் கொட்டினாலும் இதுவே பெரும்பாலும் சரியான வழி. பத்து வருட அவதிக்குப் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டு, ‘முன்னாடியே பண்ணியிருக்கலாம்’ என்று சொல்லும் பெண்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யல்ல.

சிக்கல், நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே தீர்வு முடிவாகிவிடுவதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான பெண்கள் இருபதுகளின் நடுவிலேயே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள். அதோடு கர்ப்பப்பையின் வேலை முடிந்துவிட்டதாக வீட்டில் தீர்மானமாகிவிடுகிறது. பிறகு வயிற்று வலி, அதிக உதிரப்போக்கு, வெள்ளைப்படுதல் என எது வந்தாலும் மாமியார், கணவர், பக்கத்து வீட்டு அக்கா எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு அது? மருத்துவரும் அதையே சொன்னால் வேறு வழி ஏதும் உண்டா என்று கேட்க ஆளில்லை.

‘ஸ்கேன்ல கட்டின்னு போட்டிருக்கு’

கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு மிகவும் வழக்கமான காரணம் நார்க்கட்டி, அதாவது ஃபைப்ராய்டு. கட்டி என்றதும் மனம் புற்றுநோய்க்குப் போய்விடுகிறது. ஆனால் நார்க்கட்டி என்பது கர்ப்பப்பையின் தசையிலேயே வளரும் சாதாரணக் கட்டி. அது புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. ஐம்பது வயதை நெருங்கும் பெண்களை வரிசையாக ஸ்கேன் செய்தால் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் ஏதாவது ஒரு நார்க்கட்டி இருக்கும். பலருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு அது தானாகவே சுருங்கும். தொந்தரவு தராத கட்டியை ஸ்கேனில் தெரிந்துவிட்டது என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டியதில்லை.

தொந்தரவு கட்டியின் அளவைவிட அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. கர்ப்பப்பையின் உள்அறைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு சென்டிமீட்டர் கட்டி ரத்தத்தைக் கொட்ட வைக்கும். வெளிப்பக்கம் தொங்கும் ஆறு சென்டிமீட்டர் கட்டி சும்மா கிடக்கும். உள்அறைக் கட்டியை வயிற்றைக் கிழிக்காமல், பிறப்புறுப்பு வழியாகக் குழாய்க் கேமராவை விட்டே செதுக்கி எடுக்கலாம். கர்ப்பப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் அகற்றும் அறுவை சிகிச்சை உண்டு. கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைக்கும் சிகிச்சை பெரிய மருத்துவமனைகளில் கிடைக்கிறது.

கட்டியே இல்லாமலும் அதிக உதிரப்போக்கு வரும். தைராய்டு குறைபாடு, கருமுட்டை ஒழுங்காக வெளிவராமை, கர்ப்பப்பைச் சுவர் தடித்துப்போகும் அடினோமையோசிஸ், சிலருக்குப் பிறவியிலேயே உள்ள ரத்தம் உறையாத குறை என்று காரணங்கள் பல. ஆகவே ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு உட்சவ்விலிருந்து துளி எடுத்து பயாப்ஸி ஆகியவை முதலில் நடக்க வேண்டும். அதற்குப் பிறகும் முதல் படி மருந்துதான். மாதவிடாய் நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை இருக்கிறது, ஹார்மோன் மாத்திரை இருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது, காப்பர்-டி போன்ற வடிவில் இருக்கும், ஹார்மோன் சுரக்கும் சாதனம். உள்ளே வைத்துவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்யும், உதிரப்போக்கைப் பெருமளவு குறைத்துவிடும். முதல் சில மாதங்கள் விட்டுவிட்டுக் கறை படும் என்பதை முன்கூட்டியே சொல்லாததால் பலர் பயந்துபோய் எடுத்துவிடுகிறார்கள்.

‘வெள்ளைப்படுது, புண்ணுன்னு சொன்னாங்க, கேன்சர் ஆயிடுமா?’

வெள்ளைப்படுதலுக்காகக் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை. கிருமித் தொற்றாக இருந்தால் மாத்திரையில் போகும், கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம். கர்ப்பப்பை வாய் சிவந்திருப்பதைப் ‘புண்’ என்று சொல்லிவிடுகிறார்கள். இளம் பெண்களிடம் அது பெரும்பாலும் இயல்பான நிலை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. எனும் வைரஸ். தடுக்கத் தடுப்பூசி உண்டு. முன்கூட்டியே கண்டுபிடிக்க பாப் பரிசோதனையும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனையும் உண்டு. இந்த இரண்டாவது பரிசோதனையைத் தமிழ்நாடு அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் சோதனை முறையில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கு விரித்தது. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ‘கேன்சர் வந்துடும்’ என்ற ஒரு சொல்லால் ஒரு பெண்ணை ஆபரேஷன் தியேட்டருக்கு அழைத்துப்போவது மிரட்டலே தவிர மருத்துவம் ஆகாது.

மாதவிடாய் முழுசாக நின்று ஓராண்டு கழித்துத் திரும்ப ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் காத்திருக்கக் கூடாது. வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டால் விலை கொடுக்க வேண்டியிருக்கும் அறிகுறி அது.

‘ஓவரியையும் சேர்த்து எடுத்துடலாம்’

என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் பெண்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும், ஹார்மோன் நிற்காது. இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் மறுநாளே மெனோபாஸ். இயற்கையில் சில ஆண்டுகளாக மெல்ல நடக்க வேண்டியது ஒரே நாளில் நடந்துவிடுகிறது. உடம்பு அனலாய்க் கொதித்து வியர்க்கும், தூக்கம் கெடும், பிறப்புறுப்பு வறண்டு உறவில் வலிக்கும். கண்ணுக்குத் தெரியாத சேதம் இன்னும் பெரிது. எலும்பு சீக்கிரம் தேயும், மாரடைப்பு அபாயம் கூடும். 35 வயதில் எடுத்தவர் இந்தச் சுமையோடு இன்னும் நாற்பது ஆண்டுகள் வாழ வேண்டும்.

குடும்பத்தில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் அடுத்தடுத்து வந்து, மரபணுப் பரிசோதனையிலும் குறை தெரிந்தவர்களுக்கு எடுப்பதில் நியாயம் உண்டு. மற்றவர்களுக்கு, குறிப்பாக மெனோபாஸ் வராதவர்களுக்கு, நல்ல நிலையில் இருக்கும் சினைப்பையை விட்டுவைப்பதே இன்றைய மருத்துவ நடைமுறை. சினைப்பைப் புற்றுநோய் எனப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது என்று இப்போது தெரிந்திருப்பதால், சினைப்பையை வைத்துவிட்டுக் கருக்குழாய்களை மட்டும் எடுப்பது பரவலாகிவருகிறது. வேறு வழியின்றி 45 வயதுக்குள் இரண்டு சினைப்பைகளும் போயிருந்தால், தடையான காரணம் எதுவும் இல்லாதபோது, இயற்கையான மெனோபாஸ் வயதுவரை ஈஸ்ட்ரோஜன் கொடுக்க வேண்டும். ‘ஹார்மோன் மாத்திரை ஆபத்து’ என்று பொதுவாகச் சொல்லப்படுவதை இவர்களுக்குப் பொருத்தக் கூடாது. இழந்ததை ஈடுகட்டும் சிகிச்சை இது. கால்சியம் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவது போதாது.

சினைப்பையை விட்டுவைத்தாலும் அதற்குப் போகும் ரத்த ஓட்டம் கொஞ்சம் குறைவதால், சிலருக்கு மெனோபாஸ் ஓரிரு ஆண்டுகள் முன்னதாக வரலாம். இதையும் முன்பே சொல்லிவிடுவதுதான் முறை.

மற்ற சந்தேகங்கள்

உள்ளே காலியாகிவிடுமா? ஆகாது, குடல் இறங்கி இடத்தை நிரப்பிக்கொள்ளும். உறவு? ஆறு வாரம் கழித்து வழக்கம்போல. ரத்தப்போக்கும் வலியும் போனதால் முன்பைவிட நன்றாக இருப்பதாகச் சொல்பவர்களே அதிகம். பிறப்புறுப்பு வழியாகவோ லேப்ராஸ்கோபியிலோ செய்தால் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். வயிற்றைத் திறந்து செய்தால் கூடுதல் நாட்கள் ஆகும். எந்த வழியானாலும் ஆறு வாரத்துக்குக் குடம் தூக்கக் கூடாது. கர்ப்பப்பை கீழே இறங்கும் அடியிறக்கத்துக்கு ஆபரேஷன்தான் ஒரே வழி என்றில்லை, இடுப்புத் தசைப் பயிற்சியும் ரப்பர் வளையமும் பலருக்குப் போதும்.

எடுத்தால்தான் கூலி

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டப் போகும் தம்பதிகளை ஒரு ஜோடியாகத்தான் வேலைக்கு எடுக்கிறார்கள். ஒருவர் ஒருநாள் வராவிட்டாலும் அபராதம். வயலில் கழிப்பறை இல்லை, தண்ணீர் இல்லை. மாதவிடாய் நாளில் ஓய்வெடுத்தால் கூலி போகும். 2019இல் மாநில அரசு அமைத்த குழு சுமார் 82,000 பெண்களிடம் விசாரித்தபோது 13,000க்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். நாட்டுச் சராசரியைப் போல ஐந்து மடங்கு. அவர்களுடைய வயிற்றில் இருந்ததைவிடப் பெரிய நோய் அந்த வேலை ஒப்பந்தத்தில் இருந்தது.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் நடந்த ஆபரேஷன்கள் பற்றி மருத்துவர் நரேந்திர குப்தா 2013இல் உச்ச நீதிமன்றம் போனார். பத்து ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். கண்காணிப்புக் குழுக்கள் அமைத்து, அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும் இந்த ஆபரேஷன்களைக் கணக்கில் கொண்டுவருவது அந்த நெறிகளின் சாரம்.

கண்காணிப்புக் குழு உங்கள் ஊருக்கு வந்து சேரும் வரை கையில் இருப்பது காகிதங்கள்தான். ஆபரேஷனுக்கு முன்: ஸ்கேன் ரிப்போர்ட், பயாப்ஸி முடிவு, இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டு. இவற்றை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரியிலோ வேறிடத்திலோ இன்னொரு மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பதற்கு உயிர் போகிற அவசரம் இல்லாத எந்த நோயிலும் நேரம் இருக்கிறது. சம்மதப் படிவத்தில் கையெழுத்து போடும் முன் அதில் சினைப்பை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பின்: எடுத்த உறுப்பைப் பரிசோதித்த ரிப்போர்ட்டும் டிஸ்சார்ஜ் சீட்டும். ஒரு சினைப்பை எடுத்தார்களா, இரண்டுமா, கர்ப்பப்பை வாயை விட்டுவைத்தார்களா என்பது அதில்தான் இருக்கும். வாய் மிச்சமிருந்தால் பாப் பரிசோதனையைத் தொடர வேண்டும். இருபது ஆண்டு கழித்து இடுப்பு எலும்பு முறிந்து வரும் பெண்ணிடம் எலும்பு மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய விவரமும் என்னென்ன எடுத்தார்கள் என்பதே. ‘ஏதோ எடுத்தாங்க’ என்ற பதிலை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது.