தூரத்துக்காக வரையப்பட்ட முகம்

பினாங்கில் சூலியா தெருவைச் சுற்றியுள்ள சந்துகளுக்குச் சுவரோவியம் பார்க்க வருகிறவர்கள் ஓவியத்தை ஒட்டி நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 2012-இல் எர்னஸ்ட் சக்காரெவிச் ஆர்மேனியன் தெருவில் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் அதற்குத் தோதானவர்கள்; ஆளுயரத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறார்கள். தமிழ் சினிமாவின் பேனர் ஓவியம் இதற்கு நேர் எதிர். கிட்டே போனால் திட்டுத் திட்டாக வண்ணம்தான் தெரியும். சாலைக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால், நமக்குத் தெரிந்த நடிகை சிரித்துக்கொண்டிருப்பார்.

நடிகை ராதிகாவை எடுத்துக்கொள்வோம். 1978-இல் 'கிழக்கே போகும் ரயில்' வந்தபோது தியேட்டர் வாசல்களில் தூரிகையின் ஆட்சி. 1999-இல் அவர் 'சித்தி'யாகத் தொலைக்காட்சிக்கு வந்து சில ஆண்டுகளுக்குள் ஃபிளெக்ஸ் அச்சு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

தூரிகைக் காலத்தில், சென்னையில் மோகன் ஆர்ட்ஸ் போன்ற பட்டறைகளில் வேலை துணியிலிருந்து தொடங்கும். மரச்சட்டத்தில் காடாத் துணியை இழுத்து ஆணியடித்து, வஜ்ஜிரப் பசையில் வெள்ளைப் பொடி கலந்து பூசிக் காயவிடுவார்கள். நெசவின் இடைவெளி அடைபட்டால்தான், ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் உள்ளே இறங்காமல் மேலே நிற்கும். அடுத்து கட்டம் போடுவது. ஸ்டில் எனும் படப் புகைப்படத்தின் மேல் அரை அங்குலக் கட்டம், துணி மேல் ஓரடிக் கட்டம் என்றால் இரண்டு அங்குல முகம் நாலடியாகும், 24 மடங்கு. ஸ்டில்லில் உதட்டோரத்தை ஒரு மில்லிமீட்டர் தப்பாகக் கணித்தால் துணியில் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் விலகிவிடும். ராதிகாவின் சிரிப்பு வேறு யாருடையதாகவோ ஆகிவிடும்.

புதிதாகக் கற்கிறவர்கள் சறுக்கும் இடம் கண். உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளந்தால் கண் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. அவர்கள் மேலே ஏற்றி வரைந்துவிடுவார்கள். கருவிழியில் வைக்கும் வெள்ளைப் புள்ளி கடைசி வேலை. இரு கண்ணிலும் அது வெளிச்சம் வரும் பக்கமாகவே விழ வேண்டும். இடம் மாறினால் பார்வை கோணலாகிவிடும்.

ஓவியர் கைக்கு வந்த ஸ்டில்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. ஆகவே வண்ணம் முழுக்க அவருடைய முடிவு. இந்தக் கலையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். நெற்றியில் மஞ்சள், கன்னத்தில் ரோஸ், தாடைக்குக் கீழே நிழலில் பச்சையும் நீலமும். நிழலுக்கு வெறும் கறுப்பைத் தொட்டால் முகம் அழுக்கேறிவிடும். மஞ்சள் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிழல் நீலம் பாய்ந்ததாகவே நம் கண்ணுக்குப் படும். பட்டறைக்காரர்கள் அதைப் பழக்கத்தில் கண்டுகொண்டார்கள்.

மீதி வேலையைத் தூரம் பார்த்துக்கொள்கிறது. நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஏறக்குறைய ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 30 மீட்டரில் அது கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய வேறுபாடுகள் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். பச்சைக் கீற்றும் ரோஸ் கீற்றும் சந்திக்கும் விளிம்பைத் தேய்த்து மென்மையாக்கத் தேவையில்லை. அதற்கு நேரம் செலவழித்திருந்தால் வெள்ளிக்கிழமைப் படத்துக்குப் பேனர் ஏறியிருக்காது.

சூலியா தெருவில் ஒரு பேனர் ஓவியருக்குச் சுவர் கொடுத்து இப்படி ஒரு முகத்தை வரையச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. நாகூர் தர்கா நிற்கிற, தமிழ் பேசிப் பழகிய தெரு அது. ஆனால் கணக்கு மாறும். எதிர்ப்பக்கத்து ஐந்தடி நடைபாதையில் நிற்பவருக்குப் பத்து மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், 3 மில்லிமீட்டர் கீற்றுக்கூட தனித்துத் தெரியும். பட்டைத் தூரிகையை வைத்துவிட்டுச் சிறியதை எடுக்க வேண்டும். சுவரும் கவனம் கேட்கும். பழைய கடைவீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடுவது; அதன்மேல் ஈரம் புகாத வண்ணத்தைப் பூசினால், உள்ளே சிக்கிய ஈரம் சில மழைக்காலங்களில் அதைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். ஈரத்தை வெளியேவிடும் சுண்ணாம்பு வண்ணமோ சிலிக்கேட் வண்ணமோதான் அங்கே சரிப்படும்.